களவாணி தேசம்

கொழும்பா? கொழும்புலேருந்து வாறவன் மூஞ்சியாவே இது? கொழும்புக்குப் போனவன் காய்ச்சலோட வருவான், இல்லன்னா கங்காணியைத் திட்டிக்கிட்டே வருவான். நான் அதுக்கும் அப்பால. கப்பல் கொழும்பைத் தாண்டி, தண்ணியத் தவிர ஒண்ணுமே இல்லாம போய்க்கிட்டே இருக்கும். இனிமே கரையே கிடையாது போலன்னு நெனைக்கும்போது ஒரு கரை வரும் பாரும், அங்கேருந்து வாறேன். ஆஸ்திரேலியா. தூ! அந்தப் பேரைச் சொன்னா வாய் கொப்புளிக்கணும். கொஞ்சம் விலகும் வே, சன்னல் வழியா துப்பிக்கிடுதேன்.

நீரும் மணியாச்சியில எறங்கித்தான் திருநெல்வேலி வண்டி மாறணுமா? நல்லதாப் போச்சு. என் வீட்டுக்காரி அந்தா, பொம்பளைக பெட்டியில இருக்கா. கூட இருந்தாலும் பேசமாட்டா. தூத்துக்குடித் துறைமுகத்துல எறங்குனதுலேருந்து நான் வாயைத் தெறக்கல. நெஞ்செல்லாம் கசப்பா கெடக்கு. யாருட்டயாவது கொட்டணும்.

எம்பேரு சுவிசேஷமுத்து. பாளையங்கோட்டை. எங்க வம்சத்துல கோர்ட்டுக் கச்சேரி வாசப்படி மிதிச்சவன் ஒருத்தன் கிடையாது. இதை மொதல்லயே சொல்லிக்கிடுதேன். ஏன்னா, அந்தத் தேசத்துல ஒருத்தனும் இப்படி நெஞ்சை நிமுத்திச் சொல்லமுடியாது.

அது எப்படி உண்டான தேசம்னு தெரியுமா ஒமக்கு? சீமையில செயிலெல்லாம் நெறஞ்சு வழிஞ்சுதாம். ரொட்டி திருடுனவன், ஆடு திருடுனவன், கள்ளத் துட்டு அடிச்சவன், கத்தியால குத்துனவன், அத்தனை பேரையும் வெலங்கு பூட்டிக் கப்பல் கப்பலா ஏத்தி, பூமியோட அடியில கொண்டுபோய்க் கொட்டிட்டாவ. நம்மூருக் கொலைகாரனை அந்தமானுக்கு அனுப்புதாவள்ளா, அதே தீவாந்திர சிட்சைதான். சிட்சை முடிஞ்சவனுக்கு நெலம் குடுத்தான். அவன் ஆடு வளத்தான். தங்கம் தோண்டுனான். பிள்ளை பெத்தான். பிள்ளை கடை வச்சான், பேரன் கோட்டுப் போட்டான். கோட்டுப் போட்டதும் தாத்தா எப்படி வந்தான்னு கேட்டா, 'காத்து வாங்க வந்தாரு'ங்கான்!

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கீரு. வே, நான் குதிரை வண்டியில துணி வித்தவன். துணி, ரிப்பன், ஊசி, நூலு, சோப்பு, தலைவலித் தைலம். பண்ணை பண்ணையாப் போவேன். ஆம்பளைக ஆட்டுக்குப் பொறத்தால போயிருவாவ. பொம்பளைக தனியா இருப்பாவ, மாசக்கணக்கா மனுச மூஞ்சி பாத்திருக்க மாட்டாவ. ரிப்பனை அளந்து போடுத நேரத்துல பக்கத்து வீட்டுக்காரன் தாத்தா எதுக்காக வெலங்கு போட்டான்னு சொல்லிருவாவ. அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போனா, இவ தாத்தா கதையும் வந்துரும். எங்க ஊரு சேர்மன் ஹார்டிங் இருந்தானே, பெரிய கடைக்காரன், தங்கச் சங்கிலி போட்ட கடியாரம், அவன் தாத்தா ஆட்டுக் களவாணி. எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். அதனால என்னைக் கண்டா எப்பவும் தொப்பியத் தொடுவான்.

நான் அங்க எப்படிப் போனேன்னா, அது ஒண்ணுமில்ல. இங்க ஒரு மிஷன் துரை பங்களாவுல சமையலுக்கு இருந்தேன். இங்கிலீஷ் அங்க படிச்சதுதான், பைபிள் முழுக்க வாசிப்பேன். வெள்ளிக் கரண்டி கொஞ்சம் காணாமப் போச்சுன்னு ஒரு பேச்சு வந்துது. எடுத்தது நான்தான். ஆனா அந்த வீட்டம்மா என்னைப் படுத்துன பாட்டுக்கு அது எனக்குச் சேரவேண்டியது வே, அதைப் போய்க் களவுன்னு சொல்லலாமா? மனசு விட்டுப்போச்சு. ஒரு கப்பல்ல சமையக்காரனா ஏறிட்டேன். அந்தக் கரையில எறங்கிட்டேன். அப்பல்லாம் யாரும் தடுக்கல.

அப்ப அது ஒரு தேசமே இல்ல. ஆறு துண்டு. இந்தத் துண்டுக்காரன் ரயிலு ஒரு அகலம், அந்தத் துண்டுக்காரன் ரயிலு வேற அகலம். எல்லையில எறங்கி, பெட்டியத் தூக்கிக்கிட்டு அடுத்த வண்டிக்கு ஓடணும். அங்க நான் இருந்த ஊரு ஆத்தங்கரை. இந்தக் கரை ஒரு ராச்சியம், அந்தக் கரை வேற. நான் வடகரையில குடியிருந்தேன். பாலம் தாண்டித் தென்கரைப் பண்ணைக்கு வண்டி ஓட்டுனா, பாலத்து முனையில சுங்கச் சாவடி. ரிப்பனுக்குத் தீர்வை. சோப்புக்குத் தீர்வை. திரும்பி வரும்போது விக்காத ரிப்பனுக்கு இந்தக் கரைக்காரன் நோண்டி நோண்டிக் கேப்பான். பொம்பளைக உள்பாடித் துணியையெல்லாம் விரிச்சுக் காட்டச் சொல்லுவான், எல்லாருக்கும் முன்னால. நான் வயிறெரிஞ்சு நிப்பேன்.

அதனால ஆறும் ஒண்ணாச் சேரணும்னு பேச்சு வந்தபோது என்னைவிடச் சந்தோசப்பட்டவன் அந்த ஊருல எவனும் கிடையாது. ஹார்டிங் கூட்டம் போட்டான். 'ஒரே ரத்தம், ஒரே கொடி, ஒரே விதி'ன்னு முழங்குனான். நானும் முன்வரிசையில உக்காந்து கைதட்டுனேன். நான் மகாராணி பிரஜை, நீயும் மகாராணி பிரஜை, பெறவு என்ன? ஓட்டு வந்துது. ஆமா வே, எனக்கும் ஓட்டு இருந்துது. நல்ல கோட்டு மாட்டிக்கிட்டுப் போய், சேரணும்னு போட்டேன்.

அந்தத் தேசத்துக்கு நானும் ஒரு கல்லு எடுத்து வச்சவன். அதான் ஆறமாட்டேங்குது.

அதுல ஒரு நல்ல காரியமும் இருந்துது. சீனாக்காரனை உள்ள விடக்கூடாதுன்னு ஒரு மகஜரு கொண்டுவந்தாவ. எங்க ஊருல ஆ லூன்னு ஒரு சீனாக்காரன், ஆத்தோரம் காய்கறித் தோட்டம் போட்டிருந்தான். நான் மொதமொத அந்த ஊருக்கு வந்து காய்ச்சல்ல கெடந்தப்ப அவன் குடிசையில ஒரு மாசம் போலக் கெடந்தேன். கஞ்சி வச்சுக் குடுத்தான். இல்லங்கல. ஆனா பெறவு என்ன செய்தான்? கோசும் கீரையும் விக்கப் போற வண்டியிலயே நூலும் பொத்தானும் வைக்க ஆரம்பிச்சுட்டான். அவன் பெண்டாட்டியை அவன் ஊருலேருந்து கூட்டிவர எத்தனையோ வருசமாக் கெஞ்சிக்கிட்டு இருந்தான், விடல. விடாதது சரிதான். அவன் யாரு பிரஜை? மகஜருல ஹார்டிங்குக்கு அடுத்த கையெழுத்து நான் போட்டேன். வரைஞ்ச மாதிரிப் போட்டேன். ஹார்டிங் என் தோளைத் தட்டிக் குடுத்தான்.

என்ன, ஆ லூனுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரியும். மறுநாளும் ஒரு கட்டு முள்ளங்கி கொண்டுவந்து பிரிட்ஜட்கிட்டக் குடுத்துட்டுப் போனான். ரோசங்கெட்ட பய.

பிரிட்ஜட்டா? அதைச் சொல்லலயே. என்... வீட்டைப் பாத்துக்கிட்டவ. அயர்லாந்து வம்சம். புருசன் ஆத்துல முங்கிச் செத்துட்டான். பிள்ளை இல்ல. நான் மொதல்ல அவ வீட்டுல ஒரு ரூமு எடுத்தேன். பெறவு... ஒமக்குத் தெரியாதா, ஆளு அரவம் இல்லாத ஊரு, குளிரு. வருசம் ஓடிப்போச்சு. பொல்லாதவள்னு சொல்லமாட்டேன். என் சட்டைக்குக் கஞ்சி போடுவா. மொளகுத் தண்ணி வைக்கப் படிச்சுக்கிட்டா. நான் பண்ணைக்குப் போயிட்டுத் திரும்புத அன்னைக்கு வெளக்கைச் சன்னல்ல வச்சிருப்பா.

ஆனா வே, அவ பாட்டி ஒரு செம்புச் சட்டியத் திருடிட்டுக் கப்பலேறுனவ! இதை எங்கிட்ட அவளேதான் சொன்னா. எல்லாரும் மூடி மூடி வைப்பாவ, இவ அடுப்பு முன்னால உக்காந்துக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே சொல்லுதா. 'பாட்டி அந்தச் சட்டியில ஒருநாள் கூடச் சமைக்கல முத்து, அதுக்குள்ள பிடிச்சுட்டாங்க'ன்னு. ஒரு தடவை கேட்டா, 'நாம கோயில்ல போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?'ன்னு. நான் எப்படிவே கட்டுவேன்? செயிலு ரத்தம். நாளைக்கு என் பிள்ளை பாளையங்கோட்டைக்கு வந்தா, 'ஒங்க அம்மைவழிப் பூட்டி யாரு?'ன்னு கேட்டா என்னத்தச் சொல்லுவான்? 'பொறு, பாப்போம்'னு சொல்லிவச்சேன். மறுபடி அவ கேக்கல.

ஒண்ணாச் சேந்த நாளு, புது வருசத்தன்னைக்கு, என்ன கூத்துங்கீரு! ஊரே குடிச்சுட்டு ஆடுச்சு. தெருவெல்லாம் கட்டுன தோரணம் என் வண்டித் துணி. செவப்பு, நீலம், வெள்ளை. கேட்ட மாத்திரத்துல குடுத்தேன். ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பிரிட்ஜட்தான் தச்சா. கொஞ்ச நாள்ல பாலத்துச் சாவடிக்காரன் கெடுபிடியும் தளந்துது. நான் வண்டியைப் பாலத்து நடுவுல நிப்பாட்டி, தொப்பியக் கழத்திக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அவன் சாவடியைப் பேத்துக் கொண்டுபோய்த் துறைமுகத்துல, எனக்காவ நடப்போறான்னு அப்ப தெரியல.

அந்த வருசந்தான் ஊருக்கு வந்தேன். எங்க அம்மை கெடையில கெடக்கான்னு தாக்கல் வந்துது. வந்தேன், மண்ணு போட்டேன். போட்டதும் சொந்தக்காரனுவ புடிச்சுக்கிட்டானுவ. 'இன்னும் ஒத்தையா இருக்கியே'ன்னு. கோயில்பட்டிப் பக்கம் ஒரு வேதக்கோயில் உபதேசியாரு மக, ஞானப்பூ. நல்ல குடும்பம். களங்கம் இல்லாத குடும்பம். எனக்கு வயசு கூடத்தான், ஆனா சீமைக் கோட்டுக்கு வயசு தெரியாது பாத்துக்கிடும். கட்டிக்கிட்டேன்.

பிரிட்ஜட்டுக்கு எழுதலையான்னா, எழுதி என்ன செய்ய? நேர்ல போய்ப் பக்குவமாச் சொல்லி, பின்கட்டுல இருந்துக்கிட்டுச் சமையலைப் பாத்துக்கோன்னு சொன்னா இருந்துருவான்னு நெனச்சேன். வேற எங்க போவா?

கப்பல் துறைமுகத்துக்கு வந்துது. பெட்டியெல்லாம் தூக்கிக்கிட்டு நிக்கேன், ஞானப்பூ எம்பின்னால. வெள்ளைக்காரனெல்லாம் மடமடன்னு எறங்குதான். ஒரு சுங்கத்துப் பய, மீசை கூடச் சரியா மொளைக்கல, என் நெஞ்சுல கைய வச்சு நிப்பாட்டுனான்.

'நீ நில்லு.'

'ஐயா, நான் இந்த ஊருக்காரன். எனக்கு வீடு இருக்கு, குதிரை இருக்கு. ஓட்டுப் போட்டவன்'னேன்.

'புதுச் சட்டம். உன்னை மாதிரி ஆளுங்க எறங்கணும்னா, நான் சொல்லச் சொல்ல எழுதணும்.'

'தாராளமா'ன்னு சொல்லிப் பேனாவ வாங்கிக்கிட்டேன். ஞானப்பூகிட்ட, 'இப்பப் பாரு, இவன் இங்கிலீஷுல நான் தப்பு கண்டுபிடிப்பேன்'னு சொன்னேன். அவன் வாசிக்க ஆரம்பிச்சான். எனக்கு ஒரு வார்த்தை வெளங்கல. அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கு போலன்னு நெனச்சேன் வே! 'ஐயா, இன்னொரு தடவை'ன்னேன். மறுபடியும் அதே கரகரப்பு. அது இங்கிலீஷே இல்ல. என்ன பாஷைன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. சட்டத்துல சீமைப் பாஷைல எதுல வேணாலும் கேக்கலாம்னு இருக்காம். வெள்ளைத் தாளை அப்படியே திருப்பிக் குடுத்தேன். 'தேறலை'ன்னான். சிரிக்கக் கூட இல்ல. சிரிச்சிருந்தாலாவது மனுசன்னு சொல்லலாம்.

கப்பலை விட்டு எறங்கக்கூடாதுன்னுட்டாவ. வந்த வழியிலயே திருப்பிக் கொண்டுபோகச் சொல்லி உத்தரவு. நான் விடல. கத்துனேன். கடைசியில அந்தப் பய சொன்னான்: 'வெள்ளைக்காரங்க ஒருத்தர் வந்து, இந்த ஆளு எங்க ஊருல குடியிருந்தவன்தான், எனக்குத் தெரியும்னு சத்தியம் பண்ணினா எறக்கிவிடுதேன்.'

அவ்வளவுதானேன்னு ஒரு கப்பல்காரனை விட்டு ஹார்டிங்குக்குத் தந்தி அடிச்சேன். ஒண்ணாக் கைதட்டுனவன், தோளைத் தட்டுனவன். காத்திருக்கேன், காத்திருக்கேன். கப்பலுக்குக் கரி ஏத்துதான். ஹார்டிங் வரல. கெளம்புறதுக்கு மொதநாளு கீழ எட்டிப் பாக்கேன், கூட்டத்துல ஒரு கறுப்புத் தொப்பி. பிரிட்ஜட். பக்கத்துல கூடையோட ஆ லூன். தந்தி வந்த சேதி ஊருக்குள்ள பேச்சாகி இவ காதுல விழுந்திருக்கு. தனியாப் போகாதேன்னு சீனாக்காரன் கூட வந்திருக்கான். அத்தனை பெரிய மனுசனுவ இருக்குத ஊருலேருந்து எனக்குச் சாட்சி சொல்ல வந்ததைப் பாரும்!

சீனாக்காரன் சொல்லு செல்லாதுன்னு அவனைக் கீழயே நிப்பாட்டிட்டாவ. அவ மேல வந்தா. மூச்சு வாங்குது. கண்ணெல்லாம் சிரிப்பு. 'முத்து'ன்னா. அப்பத்தான் எம்பின்னால ஞானப்பூ நிக்குறதப் பாத்தா. கழுத்துல புதுத் தாலி. சிரிப்பு நின்னுபோச்சு. ஆனா வந்த வேலையை விடல, அதையும் சொல்லணும். அந்தப் பயகிட்டத் திரும்பி, 'இவரை எனக்குத் தெரியும். எங்க ஊருக்காரர்'னா.

'உனக்கு இவரு என்ன வேணும்?'னு அவன் கேட்டான்.

அவ திரும்பி என்னைப் பாத்தா. நீயே சொல்லுங்குத மாதிரி. எனக்கு எப்படி இருக்கும்? பக்கத்துல கட்டுன பெண்டாட்டி, உபதேசியாரு மக, அவளுக்கும் இங்கிலீஷ் தெரியும். சுத்தி கப்பல்காரனுவ. என்னத்தச் சொல்ல? 'எனக்குத் துணி துவைச்சவ. வேலைக்காரி'ன்னேன்.

அதுல என்ன தப்பு? துவைச்சது உண்மைதானே?

அவ முகத்துல ஒண்ணுமே இல்ல வே. அழல, ஏசல. ஞானப்பூவோட காலைப் பாத்தா. செருப்பு இல்லாம, அந்தக் குளிருல நடுங்கிக்கிட்டு நின்னா இவ. பிரிட்ஜட் தன் சால்வையக் கழத்தி இவ தோள்ல போத்தி, முடிச்சும் போட்டுவிட்டா. பெறவு அந்தப் பயகிட்டச் சொன்னா: 'மன்னிக்கணும். ஆளு மாறிப்போச்சு. இவரை எனக்குத் தெரியாது.'

சொல்லிட்டுப் படியில எறங்கிப் போயிட்டா.

பாத்தீரா? ஒத்தைப் பொய்! பேதுரு மறுதலிச்சானே, அவனாவது உசுருக்குப் பயந்து சொன்னான். இவளுக்கு என்ன கேடு? இத்தனை வருசம் அவ வீட்டுல உப்புத் தின்ன... என் உப்பைத் தின்னவ, சத்தியம் பண்ணவேண்டிய எடத்துல நின்னுக்கிட்டு, தெரியாதுங்கா. அந்த ரத்தம் வே! செம்புச் சட்டி ரத்தம்! நான் கட்டாம விட்டது எவ்வளவு சரின்னு அன்னைக்குத் தெரிஞ்சுது.

நான் கீழ பாத்து கத்துனேன். அவ திரும்பிப் பாக்கல. ஆ லூன் மட்டும் நின்னான். கூடையை ஒரு கப்பல்காரன்கிட்டக் குடுத்து, ஞானப்பூவைக் கை காட்டுனான். ஆரஞ்சுப் பழம். அவன் தோட்டத்துது. தொடாதேன்னு நான் சொல்லச் சொல்ல, இவ வாங்கி, உரிச்சு, எம்முன்னாலயே தின்னா.

கப்பல் கெளம்புன பெறவு கேட்டா. 'அந்தம்மா யாரு?'ன்னு.

'வேலைக்காரின்னு சொன்னேன்லா.'

'வேலைக்காரி எதுக்கு ஒங்க பேரை அப்படிச் சொன்னா?'

நான் ஒண்ணு வச்சேன் கன்னத்துல. புருசனைக் கேள்வி கேக்குத வயசா? அன்னைக்கு மூடுன வாய்தான். சால்வையக் கடல்ல போடுன்னேன், போடல. சோறு வைப்பா, துணி எடுத்து வைப்பா, பேச்சு மட்டும் கிடையாது. பேசாட்டாப் போ. எனக்கென்ன. என் வீடு போச்சு, குதிரை போச்சு, வண்டி போச்சு, நான் கட்டுன தோரணத்தைக் கூட எவனோ கிழிச்சு அடுப்புத் தொடச்சிருப்பான். ஆட்டுக் களவாணி பேரன் உள்ள இருக்கான். சட்டிக் களவாணி பேத்தி உள்ள இருக்கா. சுவிசேஷமுத்து வெளிய. இது ஒரு தேசமாவே? இவனுவளுக்கு ஒரு கொடி ஒரு கேடா?

வண்டி மெதுவாப் போகுதே... மணியாச்சிதான். எறங்கும், எறங்கும். அந்தச் சின்னப் பெட்டியக் கொஞ்சம் தூக்கிக்கிடுதீரா? இரும், அவளைக் கூப்பிட்டுட்டு வாறேன். ஏட்டி ஞானப்பூ! எறங்கு, இங்கதான் மாறணும். ஏட்டி, ஒன்னத்தான்... வண்டி நிக்காது, பட்டணம் போற வண்டி இது...

என்ன? 

கேட்டீரா வே, என்ன சொல்லுதான்னு? எறங்கமாட்டாளாம். 'நீங்க போங்க, நான் எங்க அப்பா வீட்டுக்குப் போறேன்'ங்கா. இத்தனை நாளு பேசாத வாயி இதுக்குத் தெறக்குது பாரும்! ஏட்டி, ஒன் டிக்கெட்டு எங்கிட்டல்லா இருக்கு! ... எடுத்திருக்காளாம். கோயில்பட்டிக்கு, தூத்துக்குடியிலேயே, நான் பெட்டி ஏத்திக்கிட்டு இருந்த நேரத்துல. ஏட்டி! கதவைத் தெற! கார்டு ஐயா, அது என் பெண்டாட்டி, கொஞ்சம் நிப்பாட்டும்... ஐயா...

போயிட்டு.

பாத்தீராவே. உபதேசியாரு மக. பச்சை மண்ணா வந்தவ, நிமுந்து என் மூஞ்சியப் பாக்காதவ. எவ குடுத்த புத்தி இது? அந்த ஊருத் தண்ணி, வே! கரையில காலு கூட வைக்கல அவ. அங்க கப்பலுக்கு ஏத்துன தண்ணிய நாலு வாய் குடிச்சிருப்பா. அதுக்குள்ள இவளையும் கெடுத்துட்டானுவளே, களவாணிப் பயலுவ.